அமானிதமாக வந்த மாத்திரைகள்

1957ஆம் ஆண்டு ஆவணி மாதம் ஒரு வியாழக்கிழமை, வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள், ஆஸ்பத்திரி வேன் கீரனூர்க் குளத்தங்கரைத் தெருவை விட்டுப் புறப்பட்டது. இனி அது வராது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். எடை பார்க்கும் மெஷின், மடக்கு மேஜை, ரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாய்கள் அடுக்கிய மரப்பெட்டி எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, டாக்டர் ரத்தினவேல் தெருக்காரர்களுக்கு ஒரு கும்பிடு போட்டார்.

கும்பிடுவதற்கு முன் இரண்டு விஷயங்களைச் சொல்லியிருந்தார். மூன்று வாரமாகத் தெருவில் இருமல் கண்டவர்களுக்குக் கொடுத்துவந்த மாத்திரை அந்த இருமலுக்குக் கேட்கவில்லை என்பது முதல் விஷயம். அது எப்படித் தெரிந்தது என்று யாரோ கேட்டதற்கு இரண்டாவதைச் சொன்னார். பாதிப் பேருடைய பாட்டிலில் இருந்தது மருந்து. மீதிப் பேருடைய பாட்டிலில் இருந்தது அதே நிறத்தில், அதே கசப்பில் செய்த வெறும் சுண்ணாம்பு மாத்திரை. மருந்து சாப்பிட்டவர்கள் தேறி மற்றவர்கள் தேறாமல் இருந்திருந்தால் மருந்து நல்லது என்று அர்த்தம். இங்கேயோ இரண்டு சாராருமே, கொஞ்சம் தேவலை என்கிற அளவில், ஒரே மாதிரி நின்றுவிட்டார்கள்.

சுண்ணாம்பு என்றதும் கூட்டம் சலசலத்தது. வெற்றிலைக்குத் தடவ வீட்டுக்கு வீடு இருப்பதை எதற்காக வேனில் ஏற்றிக்கொண்டு வந்தீர்கள் என்று ஒருவர் கேட்டார். டாக்டர் சிரிக்க முயன்றார். வேன் போய்விட்டது.

கூட்டத்தின் ஓரத்தில் இடியாப்பக் கூடையோடு நின்ற ஜெய்னப் பெரியம்மா சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. கூடையை என் அம்மா சொர்ணவல்லியின் கையில் திணித்துவிட்டு, துப்பட்டியை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு திருச்சி ரோட்டைப் பார்த்து நடந்தார்.

"எங்கிட்டுடீ போறே, கூடைய எங்கிட்டக் குடுத்துட்டு?" என்று அம்மா கேட்டார்.

"நம்ம கெடுத்தத நம்மதான் போய்ச் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு, வந்து நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டார்.

நான் அப்போது திருச்சியில் ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்தேன். இதில் பாதி அம்மா சொல்லித் தெரிந்தது, மீதி ஊர் சொல்லித் தெரிந்தது. படிப்பு முடிந்த பிறகு கொழும்பு, சிங்கப்பூர், நைரோபி என்று வேலையோடும் வேலையில்லாமலும் திரிந்துவிட்டு இப்போது திரும்பியிருக்கிறேன். முகம் தெரியாத துறைமுகங்களில், பெட்டியைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று யாரிடமாவது விட்டுவிட்டுப் போகவேண்டி வரும்போதெல்லாம், கூட்டத்தில் நான் தேடியது ஜெய்னப் பெரியம்மாவின் சாடை உள்ள ஒரு முகத்தைத்தான். நிறையத் தேட வேண்டியிருந்தது.

பெரியம்மாவின் புருஷன் முகமது இப்ராஹிம் பினாங்குக்குக் கப்பலேறியவர். யுத்தத்துக்குப் பிறகு அவரிடமிருந்து கடிதம் இல்லை. பிள்ளைகள் இல்லை. தாய் செத்த பிறகு தங்கை ரமீஜாவை எடுத்து வளர்த்து, விடியற்காலையில் இடியாப்பம் பிழிந்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்துப் பிழைத்தார். தெருவில் ராவுத்தர் வீடுகள்தான் அதிகம். எங்கள் வீட்டைப் போல இந்து வீடுகளும் நாலைந்து உண்டு. எல்லாருக்கும் பெரியம்மாவின் தேக்குப் பெட்டிதான் காவல். வெளியூர் போகிறவர்கள் நகையை, பத்திரத்தை, சாவியை அதில் வைத்துவிட்டுப் போவார்கள்.

அப்படி நம்பி ஒப்படைத்த பொருளுக்கு ராவுத்தர் வீடுகளில் அமானிதம் என்று பெயர் சொல்வார்கள். அதைத் தொடக் கூடாது, மாற்றக் கூடாது, கேட்டபோது வைத்தபடியே திருப்பித் தர வேண்டும். ஒரு தடவை அம்மா, சித்தியின் பிரசவத்துக்காக மதுரைக்குப் போகிற அவசரத்தில், நகைச் சிமிழோடு ஒரு டின் முறுக்கையும் அந்தப் பெட்டியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். இரண்டு மாதம் கழித்து வந்தபோது சிமிழும் இருந்தது, சிக்கு வாடை அடிக்கும் முறுக்கும் இருந்தது. தின்றிருக்கலாமே என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "நீ திங்கச் சொல்லிட்டா போனே?" என்றாராம் பெரியம்மா. தெருவில் அதைச் சொல்லி ஒரு வருஷம் சிரித்தார்கள். ஆனால் அதற்குப் பிறகும் சாமான்களை அவரிடம்தான் வைத்தார்கள்.

ரமீஜாவைப் பொன்னமராவதியில் பலசரக்குக் கடை வைத்திருந்த தாஜுதீனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார். பரக்கத் நிஷா என்று ஒரு பெண் குழந்தை பிறந்தது. குழந்தை தவழ ஆரம்பித்த சமயத்தில் ரமீஜாவுக்கு இருமல் பிடித்தது. பகலில் ஒன்றும் தெரியாது. படுத்தால் நெஞ்சை அடைத்துக்கொண்டு, விசிலடிப்பது போல மூச்சு இழுக்கும். எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுக்க மாவு தெளித்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள். பார்த்த டாக்டர் சயரோகம் என்று எழுதிவிட்டார். மாதக்கணக்கில் ஊசி போட்டும் புள்ளிகள் அப்படியே இருந்தன, உடம்புதான் உருகியது. ஒட்டுகிற வியாதி என்று மாமனார் அவளைக் கீரனூருக்கு அனுப்பிவிட்டு, குழந்தையைத் தன்னிடம் வைத்துக்கொண்டார். தாஜுதீன் கெட்டவர் இல்லை. ஆனால் அந்த வீட்டில் வாப்பா பேசினால் மகன் பேசுவதில்லை.

டாக்டர் ரத்தினவேல் வந்த பிறகுதான் இது சயரோகம் இல்லை என்று முதல் தடவையாக ஒருவர் சொன்னார். இப்போது சின்னப் பிள்ளைகளுக்குக்கூட ஈஸ்னோபீலியா என்ற பெயர் தெரிகிறது. அன்றைக்கு அது டாக்டர்கள் தங்களுக்குள் வாதாடிக்கொண்டிருந்த ஒரு புது நுரையீரல் வியாதி. ரத்தத்தில் ஒரு வகை வெள்ளை அணு மட்டும் அளவுக்கு மீறிப் பெருகிவிடும். இரவில் இருமலும் இளைப்பும் வரும். எக்ஸ்ரே பார்த்தால் சயரோகம் போலவே இருக்கும். இருந்த ஒரே வைத்தியம் ஆர்சனிக் ஊசி. அதைப் போட்டபோது ரமீஜா குடித்த தண்ணீரைக்கூட வாந்தியெடுத்தாள். கொசு கொண்டுவரும் யானைக்கால் கிருமிதான் நுரையீரலில் போய் ஒளிந்துகொண்டு இந்த வேலையைச் செய்கிறதோ என்று டாக்டருக்குச் சந்தேகம். அதனால் யானைக்கால் மாத்திரையை இதற்குக் கொடுத்துப் பார்க்க, குளமும் கொசுவும் இருமலும் சேர்ந்திருக்கிற ஊர்களாகத் தேடிப் பிடித்திருந்தார். எங்கள் தெரு அதில் ஒன்று.

முதல் தடவை பாட்டில்களை அவரவர் கையில் கொடுத்துவிட்டுப் போனபோது ஒரு விஷயத்தை அவர் சொல்லவில்லை. பாட்டிலுக்குப் பாட்டில் வித்தியாசம் உண்டு என்பதை. மருந்துக்காரர்கள் அதைச் சொல்லாமல் கொடுப்பதுதான் வழக்கம் என்று அப்போது நினைத்திருந்தாராம்.

வேன் வருவது வியாழக்கிழமை. வியாழன் சாயங்காலம் வெள்ளி இரவின் தொடக்கம், எங்கள் தெருவில் பாத்திஹா ஓதும் நேரம். புது மருந்தை ஓதாமல் வாயில் போடுவார்களா? பெரியம்மா வீட்டு நடுக்கூடத்தில் பெரிய தாம்பாளத்தை வைத்தார்கள். சர்க்கரையும் பொட்டுக்கடலையும் கொட்டுகிற அந்தத் தாம்பாளத்தில், எல்லாப் பாட்டில்களையும் திறந்து மாத்திரைகளைக் கொட்டினார்கள். என் அம்மாவும் தன் பாட்டிலைக் கொண்டுபோய், எனக்கும் சேர்த்து ஓதுங்க அஜரத் என்று கவிழ்த்துவிட்டு வந்தார். பள்ளிவாசல் அஜரத் யாக்கூப் சாம்பிராணிப் புகைக்கு நடுவே ஓதி முடித்தார். பிறகு பெரியம்மா, ஒருவருக்கும் குறையாமல், கை அளந்து பங்கு வைத்தார். வாரா வாரம் இதுதான் நடந்தது. தெரு முழுக்கப் பாதி மருந்தும் பாதிச் சுண்ணாம்பும் சாப்பிட்டது. அதனால்தான் எல்லோருக்கும் கொஞ்சம் தேவலை, ஒருவருக்கும் குணமில்லை.

இதைத்தான் பெரியம்மா திருச்சி ஆஸ்பத்திரியில் டாக்டரின் அறைக்கு வெளியே சாயங்காலம் வரை நின்று, உள்ளே போய்ச் சொன்னார்.

"டாக்டரய்யா, மருந்து மேல பழியப் போட்டுறாதீங்க. நாங்க கலந்துட்டோம்."

"எதைக் கலந்தீங்க?"

"எல்லாத்தையும்."

டாக்டருக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும், அவரவர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே ஓதியிருக்கக் கூடாதா என்று கேட்டார்.

"ஓதிட்டா அது நேர்ச்சை. நேர்ச்சையத் தனக்குன்னு ஒதுக்கி வச்சுக்கிட்டு யாராச்சும் திம்பாங்களாங்க?"

அந்த மாத்திரை பிரயோஜனமில்லை என்று எழுதிய அறிக்கை மேஜையில் உறையில் போடாமல் கிடந்தது. மறுநாள் அது சென்னைக்குப் போயிருந்தால், மற்ற ஊர்களிலும் மாத்திரையை நிறுத்தியிருப்பார்கள். டாக்டர் அதன் மேல் குறுக்காக ஒரு கோடு போட்டார். திட்டவில்லை. விவரம் சொல்லாமல் கொடுத்தது தன் பிசகு என்றும், கீரனூரில் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றும், இந்தத் தடவை பாதி சுண்ணாம்பு என்று தெரிந்தே சம்மதிக்கிறவர்களுக்கு மட்டும்தான் கொடுக்க முடியும் என்றும் சொன்னார். யாருக்கு எது என்பது அவருக்கும் தெரியாது. அந்த விவரம் சென்னையில் இருக்கும், மூன்று வாரம் முடிந்துதான் பிரிப்பார்கள். முடிந்ததும் சுண்ணாம்பு சாப்பிட்டவர்களுக்கெல்லாம் மருந்து உண்டு.

தெருவைச் சம்மதிக்க வைக்க பெரியம்மா பட்ட பாட்டை அம்மா நடித்தே காட்டுவார். சுண்ணாம்பு தின்ன எனக்கென்ன தலையெழுத்தா என்று ஒருத்தி. ஆஸ்பத்திரிக்காரனிடம் போய் நம்ம பாத்திஹாவைக் குறை சொல்லிவிட்டு வந்தாயே என்று ஒருத்தி. அந்த இரண்டாவது பேச்சுதான் பெரியம்மாவைச் சுட்டது. ஓதியதில் குறை இல்லை, கலந்ததில்தான் குறை என்று அவர் எவ்வளவு சொன்னாலும் எடுபடவில்லை. கடைசியில் அஜரத்திடம் போனார்கள். மூடின பாட்டிலின் மேல் ஓதினால் செல்லுமா என்பது கேள்வி.

யாக்கூப் அஜரத் தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார்: "வானத்துல இருந்து எறங்குறது ஒரு தக்கையில வந்தா நின்னுரப் போகுது?"

அதோடு பேச்சு முடிந்தது.

இரண்டாம் தடவை வேன் வந்தபோது, கலந்த கையே காக்கட்டும் என்று டாக்டர் எல்லாப் பாட்டில்களையும் பெரியம்மாவிடமே கொடுத்தார். நம்பர் ஒட்டிய பாட்டில்கள். அவரவருக்கு வேளைக்கு உள்ளதை அவர்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். பெரியம்மா உடனே வாங்கிக்கொள்ளவில்லை.

"இது எங்களுக்குக் குடுத்ததா? இல்ல, எங்கிட்டக் குடுத்து வச்சதா?"

டாக்டர் அந்தக் கேள்வியின் கனம் தெரியாமல், "உங்ககிட்டக் குடுத்து வச்சதுதாம்மா" என்றார்.

"அப்ப அமானிதம்" என்று சொல்லிவிட்டு, பெரியம்மா பெட்டியைத் திறந்தார்.

அதற்குப் பிறகு இடியாப்பத்தோடு மாத்திரையும் வாசலுக்கு வந்தது. வாயில் போட்டு விழுங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போவார். மத்தியானமும் சாயங்காலமும் கூடை இல்லாமல் அதே சுற்று. இடியாப்பத்திலும் பாதி சுண்ணாம்புதானா ஜெய்னப்பு என்று கேலி பேசினார்கள். பெரியம்மா தண்ணீர்ச் செம்பை நீட்டுவார்.

இதற்கு நடுவில் பொன்னமராவதியிலிருந்து தாஜுதீனின் வாப்பா சொல்லி அனுப்பினார். சயரோகம் இல்லை என்று டாக்டர் எழுதித் தருகிற காகிதம் தனக்கு வேண்டாம். மீலாது நாளைக்குக் குழந்தையையும் கூட்டிக்கொண்டு கீரனூர் வருவார். ரமீஜா இருமாமல் இருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அழைத்துப் போவார். இருமினால் மகனுக்கு வேறு இடம் பார்ப்பார்.

இரண்டாவது வாரத்தில் என் அம்மா ஒரு இரவு முழுக்கத் தூங்கி எழுந்தார். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு படுத்துத் தூங்கிய முதல் இரவு. ரமீஜாவோ தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தபடியே விடியவைத்தாள். காலையில் இடியாப்பம் கொண்டுவந்த பெரியம்மாவை அம்மா வாசலிலேயே மறித்துக்கொண்டார்.

"என் பாட்டில்ல இருக்கிறது மருந்துடீ. ஒன் தங்கச்சி பாட்டில்ல இருக்கிறது சுண்ணாம்பு. அவ இருமுறது தெருவுக்கே கேக்குதே, ஒனக்குக் கேக்கலையா?"

பெரியம்மா அம்மாவின் மாத்திரையை எடுத்து நீட்டினார்.

"ரெண்டையும் மாத்திரு. நான் சுண்ணாம்பத் தின்னுக்கிறேன், எனக்குத்தான் நின்னுருச்சே. இன்னிக்கே ஆரம்பிச்சா மீலாதுக்குள்ள அவளுக்கும் நின்னுரும். பிள்ளையப் பாப்பா."

"ஒன் பாட்டிலு, அவ பாட்டிலுன்னு எதுவும் இல்ல சொர்ணம். எல்லாம் டாக்டரு குடுத்து வச்சது."

"அவரு என்ன பொட்டிக்குள்ள ஒக்காந்தா பாத்துக்கிட்டிருக்காரு?"

"பாக்க முடியாதுன்னுதானே எங்கிட்டக் குடுத்துட்டுப் போயிருக்காரு."

அம்மாவுக்கு வந்த ஆத்திரத்தில், நெஞ்சில் ஆட்டுக்கல்லை வைத்துத் தைத்திருக்கிறார்கள் உனக்கு என்று திட்டிவிட்டு மாத்திரையை விழுங்கினார். பெரியம்மா, தொண்டைக்குள் இறங்கியதைப் பார்த்துவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போனார்.

அந்த நாட்களில் இன்னொன்றும் நடந்தது. அது அப்போது அம்மாவுக்குத் தெரியாது, ரமீஜாவுக்கும் தெரியாது. நான் ஊர் திரும்பிய பிறகு யாக்கூப் அஜரத் என்னிடம் சொன்னார். அம்மாவோடு பேச்சு நடந்த அன்று சாயங்காலம், இருட்டுவதற்கு முன், பெரியம்மா அவர் வீட்டுக்குப் போய்ப் பெட்டிச் சாவியை நீட்டியிருக்கிறார். அமானிதத்தைக் காவல் காக்கிறவளே சாவியைக் கொண்டுவந்து கொடுத்தால் என்ன அர்த்தம் என்று அஜரத் கேட்டிருக்கிறார். "ராத்திரியில என் கைய நான் நம்பல, அஜரத்" என்றாராம். அன்றிலிருந்து தினமும் அந்திக்கு முன் சாவி அஜரத் வீட்டுக்குப் போகும், விடிந்ததும் திரும்பி வரும்.

மீலாது நாளன்று ரமீஜா கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு, ஒரு துண்டுச் சுக்கை வாயில் அடக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். அன்று காலையும் பெரியம்மா அவளுக்கு அந்த மாத்திரையைத்தான் கொடுத்திருந்தார். தெருமுனையில் மாமனார் முன்னால் வர, தாஜுதீன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். நாலு வீடு தள்ளி வரும்வரை ரமீஜா மூச்சை அடக்கினாள். குழந்தை இவளைப் பார்த்ததும், யார் என்று தெரியாமல் தகப்பன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. ரமீஜா அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தாள். இருமல்தான் வந்தது. வந்தது நிற்கவில்லை. கிழவர் மகனின் தோளைத் தொட்டுத் திருப்பினார். தாஜுதீன் முனை திரும்பும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

அடுத்த வியாழக்கிழமை வேன் வந்தது. சென்னையிலிருந்து வந்த விவரத்தைப் பிரித்தார்கள். அம்மாவின் பாட்டிலில் மருந்து, ரமீஜாவின் பாட்டிலில் சுண்ணாம்பு. தெரு முழுக்க அப்படியே பிரிந்து நின்றது. தூங்கியவர்கள் எல்லாம் மருந்து சாப்பிட்டவர்கள், உட்கார்ந்து விடியவைத்தவர்கள் எல்லாம் சுண்ணாம்பு சாப்பிட்டவர்கள். டாக்டர் இரண்டு தடவை சரிபார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தாராம். மிச்சப் பேருக்கு அன்றைக்கே மருந்து கொடுத்தார். பெரியம்மா காலிப் பாட்டில்களையெல்லாம் கழுவி, வெயிலில் கவிழ்த்து உலர்த்தி, கூடையில் அடுக்கிக் கொண்டுவந்து திருப்பிக் கொடுத்தார். எண்ணெய் ஊற்றி வைத்துக்கொள்ளுங்கள் அம்மா, எனக்கு வேண்டாம் என்று டாக்டர் சொல்லியும் கேட்கவில்லை.

ரமீஜாவுக்கு அந்த மாதமே இருமல் நின்றது. கார்த்திகையில் முகம் தெளிந்து, கன்னத்தில் சதை பிடித்தது. பெரியம்மா அவளைக் கூட்டிக்கொண்டு பொன்னமராவதிக்குப் பஸ் ஏறினார். தாஜுதீன், வேறு இடம் பார்க்கிற பேச்சை ஒவ்வொரு சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். கிழவர் ஒரு வாரம் ரமீஜாவைக் கடையின் பின்கட்டில் படுக்கவைத்து, சுவருக்கு இந்தப் பக்கம் படுத்து, காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் சேர்த்தார். பரக்கத் நிஷா இவளிடம் ஒட்டுவதற்கு இன்னும் ஆறு மாதம் ஆயிற்று.

இந்தக் கதை அங்கேயே முடிந்திருந்தால் எல்லோருக்கும் நன்றாக இருந்திருக்கும். மறு வருஷம் என் அம்மா ஒரு கல்யாணத்துக்காகப் பொன்னமராவதி போனார். போன இடத்தில், நல்ல எண்ணத்தில்தான், நான் என் பாட்டிலைக் கொடுக்கிறேன் என்றேன், உங்க அக்காதான் வாங்கவில்லை என்று ரமீஜாவிடம் சொல்லிவிட்டார். ரமீஜா மறுநாள் பஸ்ஸில் கீரனூருக்கு வந்தாள். பெரியம்மா மாவு கிண்டிக்கொண்டிருந்தார்.

"பிள்ள என் மொகத்தப் பாத்துப் பயந்துச்சே, அப்ப மருந்து எங்க இருந்துச்சு?"

"எம் பொட்டியில."

"சுண்ணாம்புன்னு தெரிஞ்சே எங்கையில குடுத்தியா?"

"சந்தேகமாத்தான் இருந்துச்சு. குடுத்தேன்."

"வளத்த கையால."

பெரியம்மா அகப்பையைக் கீழே வைத்தார். "பொட்டிதான் என்னுதுடீ. உள்ள இருந்தது என்னுது இல்ல."

சாவியை அஜரத்திடம் கொடுத்து வைத்ததைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ரமீஜா வாசலோடு திரும்பிப் போனாள். அதற்குப் பிறகு எட்டு வருஷம் அக்காவும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. பெருநாளைக்குப் பெரியம்மா அனுப்பிய பலகாரம், தூக்குச்சட்டி திறக்காமல் அப்படியே அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தது. மூன்று வருஷம் அனுப்பினார். பிறகு அனுப்புவதை விட்டுவிட்டார்.

டாக்டரின் ஆராய்ச்சி எல்லா ஊர்களிலும் ஒரே மாதிரி முடிந்து, அந்த மாத்திரை அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்கு வந்தது. இப்போது கீரனூரில் சீட்டு எழுதிக் கொடுத்தால் கவுண்டரில் கிடைக்கிறது. வாங்குகிறவர்களுக்கு இந்தத் தெருவைத் தெரியாது. அம்மாவுக்கு இன்றுவரை கொஞ்சம் ஆற்றாமை உண்டு. அன்றைக்கு மாற்றியிருந்தால் என்ன, ஒரு பாட்டில்தானே என்பார். எனக்கும் சில நாள் அப்படித் தோன்றும். கையில் மருந்தை வைத்துக்கொண்டு, கூடப்பிறந்தவள் இருமுவதைக் கேட்டபடி உட்கார்ந்திருக்க என்னால் ஆகாது என்று தெரியும். ஆனால் இருபது வீட்டுக் கதவுகளைத் தட்டி, ஒரு வேளை தவறாமல், எந்தப் பாட்டிலையும் இடம் மாற்றாமல் நடந்து முடித்த ஒருவரால்தான் ஊர் ஊராக எத்தனையோ பேர் இன்று படுத்துத் தூங்குகிறார்கள் என்பதும் தெரியும். நான் சுற்றிய தேசங்களில் பெரிய மனிதர்கள் என்று சொல்லப்பட்ட பலரைப் பார்த்தேன். யாரையும் பார்க்கிறபோது எழுந்து நிற்கத் தோன்றியதில்லை. பெரியம்மா இடியாப்பக் கூடையோடு வாசலுக்கு வரும்போது எழுந்துவிடுகிறேன். எதுக்கு எந்திரிக்கிறே, கால் வலிக்குதா என்று கேட்கிறார்.

சென்ற மாதம், பொன்னமராவதியிலிருந்து புதுக்கோட்டை வழியாகத் திருச்சி போகும் பஸ் கீரனூரில் நின்றபோது, கண்டக்டர் ரெங்கராஜ் இறங்கி எங்கள் தெருவுக்குள் வந்தார். அவர் தெருவுக்குள் வந்து யாரும் பார்த்ததில்லை. பஸ்ஸில் ஜனங்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். பெரியம்மா எங்கள் வீட்டு வாசலில் கூடையை இறக்கியிருந்தார்.

"ஜெய்னப் அம்மா நீங்கதானுங்களா? கடைக்கார தாஜுதீன் வீட்டம்மா சொல்லச் சொன்னாங்க. நாலு தடவ என்னையத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுட்டுத்தான் விட்டாங்க, அதனால தப்பு வராது."

பெரியம்மா கூடையிலிருந்து கையை எடுத்தார்.

"அங்கிட்டு ஆஸ்பத்திரி வேன் வந்திருக்காம். அதே இருமலுக்குத்தான். மாத்திரை அஞ்சு நாள் குடுத்தாப் போதுமா, மூணு வாரம் வேணுமான்னு பாக்குறாங்களாம். பாதிப் பேருக்கு அஞ்சு நாளைக்கப்புறம் சுண்ணாம்புதானாம். தெருப் பாட்டில் பூராவும் இவங்ககிட்டத்தான் இருக்கு. குடுத்து வச்சதான்னு இவங்களே கேட்டாங்களாம், ஆமான்னுட்டாங்களாம்."

ஹாரன் மறுபடியும் அடித்தது. ரெங்கராஜ் அந்தப் பக்கம் கையைக் காட்டிவிட்டு, மனப்பாடம் செய்ததை விட்டுவிடாமல் இருக்கக் கண்ணை மூடிக்கொண்டு முடித்தார்.

"பரக்கத் நிஷாவுக்கும் இருமல் வந்திருக்கு. அவ பாட்டிலும் அதுலதான் இருக்கு. அஞ்சு நாள் தாண்டியாச்சு, நேத்துல இருந்து மறுபடி இருமுறா. பொட்டிச் சாவி எங்கையில இருக்கக் கூடாது. அக்கா அடுத்த பஸ்ல வந்து வாங்கி வச்சுக்கணும்."